கோளாறு திரையிலா, கம்பெனியின் கணக்கிலா?

“போர்டு போய்விட்டது. ரிப்பேர் செய்து பிரயோஜனமில்லை. புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.”

ஆலைத் தொழிலாளியின் மகனும் விவசாயத் தொழிலாளியின் மகளும் மக்கர் செய்கிற லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் கிடைக்கிற பதில் இதுதான். இந்தப் பதிலை நாம் ஏற்க மறுக்கிறோம். ஏன் மறுக்கிறோம் என்பதை, ஒரே ஒரு கோளாறை எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

அந்தக் கோளாறு இது: லேப்டாப்பைத் திறக்கிறோம். திரையில் எழுத்துக்கள் திடீரென்று பெருத்துவிடுகின்றன. படம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல மங்கித் தெரிகிறது. பக்கத்தின் அடிப்பாகம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிறது. மறுநாள் மீண்டும் அதே கதை. திரையின் ‘ரெசல்யூஷன்’ குறைந்துவிட்டது என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள்.

“சோற்றுக்கும் கூலிக்கும் போராடுகிறவனுக்கு இது ஒரு பிரச்னையா? கட்சிப் பத்திரிகையில் இதை எழுத வேண்டுமா?” என்று கேட்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் கேட்கிறோம்: கல்லூரிக்கு மனுப் போடுவது எதில்? உதவித்தொகைக்கு எழுதிக் கேட்பது எதில்? அரசு வேலைப் பரீட்சைக்குப் பணம் கட்டுவது எதில்? எல்லாம் இந்தத் திரையில்தான். கடைசித் தேதி ராத்திரி, மனுவை அனுப்புகிற பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துகொண்டால், ஒரு வருஷப் படிப்பே கைநழுவிப் போகும். பணக்காரன் வீட்டில் இன்னொரு யந்திரம் இருக்கும். நம் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே இது நம்முடைய பிரச்னை.

திரைக்குள் என்ன நடக்கிறது?

யந்திரத்தோடு பழகிய தொழிலாளிக்கு இது விளங்காத சங்கதி அல்ல. லேப்டாப் திரை என்பது புள்ளிகளால் நெய்த துணி. மலிவு விலை லேப்டாப்புகள் பலவற்றில் பாவு 1366, ஊடை 768 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் சுமார் 10 லட்சத்து 49 ஆயிரம் புள்ளிகள். தொழிற்சாலையில் திரையைச் செய்யும்போதே இந்த எண்ணிக்கை முடிந்துபோன விஷயம். பிறகு கூடாது, குறையாது. யந்திரம் இதற்குச் சரியாக 1366-க்கு 768 என்று படம் அனுப்பினால் எழுத்து கூர்மையாக நிற்கும். 1024-க்கு 768 என்றோ, 800-க்கு 600 என்றோ அனுப்பினால், சின்னத் துணியை இழுத்துப் பெரிய சட்டத்தில் மாட்டிய கதைதான். எழுத்து பெருக்கும், மங்கும், ஓரம் போய்விடும்.

சரி, எந்த அளவில் படம் அனுப்ப வேண்டும் என்று யந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது? திரையின் பின்னால் ஒரு சிறு சில்லு இருக்கிறது. “நான் இன்ன திரை, என் அளவு இன்னது” என்ற அடையாளச் சீட்டு அதில் பதிந்திருக்கிறது. லேப்டாப் விழிக்கும்போது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கேள்வியும் பதிலும் போய்வருவது மெல்லிய வயர்க் கற்றை ஒன்றின் வழியாக. அந்தக் கற்றை மூடி மடங்குகிற கீல் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் அதுவும் வளைந்து நிமிர்கிறது. ஏதோ ஒரு நாள் ஒரு மயிரிழை தளர்கிறது, அல்லது சொருகு இடம் நெகிழ்கிறது. சீட்டு வந்து சேராதபோது பல யந்திரங்கள் எதற்கும் ஆபத்தில்லாத ஒரு சிறு அளவைப் பிடித்துக்கொள்கின்றன. வயர் தொட்டுக்கொண்டிருந்தால் சரி, விட்டுப்போனால் கோளாறு. வந்து வந்து போவதன் ரகசியம் இதுதான்.

இரண்டாவது காரணம் யந்திரத்தின் புத்தியில் இருக்கிறது. படம் வரைகிற சில்லை ஓட்டுவதற்கு ‘டிரைவர்’ என்ற புரோகிராம் வேண்டும். அது கெட்டாலோ, விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது பொருந்தாத டிரைவர் வந்து உட்கார்ந்தாலோ, விண்டோஸ் தன் கையிருப்பில் உள்ள பொது டிரைவரைக் கொண்டு சமாளிக்கிறது. பழக்கமில்லாத லாரியைப் பதிலி டிரைவர் ஓட்டுவது போல வண்டி நகரும், வேகம் எடுக்காது.

மூன்றாவது காரணம் அற்பமானது. பள்ளியில் புரொஜெக்டரோடோ வீட்டில் டி.வி.யோடோ இணைத்தால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவை யந்திரம் எடுத்துக்கொள்ளும். கழற்றிய பிறகும் சில சமயம் அதிலேயே நிற்கும். விளையாட்டுப் புரோகிராம்கள் சில அளவை மாற்றிவிட்டு, நடுவில் நின்றுபோனால், மாற்றியதை மாற்றியபடியே விட்டுவிட்டுப் போகும்.

வயர், டிரைவர், அமைப்பு — முதலில் பார்க்க வேண்டியவை இந்த மூன்றும். இவற்றில் எதற்கும் புது யந்திரம் தேவையில்லை!

கோளாறைப் பிடிப்பது எப்படி?

வந்து போகிற கோளாறுக்கு முதல் ஆயுதம் ஒரு நோட்டுப் புத்தகம். ஆலையில் இழை எந்த ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுகிறது என்று கண்வைத்திருந்து பிடிக்கிறோமே, அதே முறை. எந்த நாள், எந்த நேரம், மூடியை அப்போதுதான் திறந்தோமா, பஸ்ஸில் கொண்டுபோய் வந்தோமா, யந்திரம் சூடாக இருந்ததா, விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதா — ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். நாலைந்து நாளில் நோட்டே பேசும்.

அடுத்து, அமைப்புகளில் ‘டிஸ்ப்ளே’ பகுதியைத் திறந்து ரெசல்யூஷன் பட்டியலைப் பார்க்க வேண்டும். திரைக்கு உரிய அளவு பட்டியலில் இருந்து, அதைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகி நின்றால், வெறும் அமைப்புக் கோளாறு. செலவு காலணா இல்லை. விண்டோஸ் சாவியையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, படம் இந்தத் திரைக்கு மட்டும் போகும்படி வைத்துவிட்டால் புரொஜெக்டர் வினை தீரும். உரிய அளவு பட்டியலிலேயே இல்லையென்றால் கோளாறு டிரைவரிலோ வயரிலோ இருக்கிறது.

அப்போது ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே படச் சில்லின் பெயருக்குப் பதிலாக ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தாலோ, மஞ்சள் முக்கோணம் தெரிந்தாலோ, பதிலி டிரைவர் வண்டி ஓட்டுகிறான் என்று அர்த்தம். லேப்டாப் செய்த கம்பெனி அந்த மாடலுக்கென்று வெளியிட்ட டிரைவரைப் போட வேண்டும். புதுப்பித்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால், ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் மூலம் பழையதற்கே திரும்பலாம்.

இதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் இரண்டு சோதனைகள். ஒன்று: கோளாறு வந்திருக்கும் சமயத்தில் வெளியே ஒரு டி.வி.யையோ மானிட்டரையோ இணைத்து, படத்தை அதற்கு மட்டும் அனுப்புங்கள். வெளித்திரை சரியாக, உள்திரை மட்டும் தவறாக இருந்தால் சந்தேகம் கீல் வயர் மீது விழுகிறது. இரண்டும் தவறாக இருந்தால் டிரைவர், அல்லது படச் சில்லு. இரண்டு: லினக்ஸ் பதிந்த பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்து யந்திரத்தை எழுப்புங்கள். அதில் ஒரு நாள் முழுக்க ஓட்டியும் கோளாறு வரவில்லையென்றால் விண்டோசின் டிரைவர் குற்றவாளி. அங்கும் வந்தால் வயரோ சில்லோ குற்றவாளி. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது திரை மினுங்கினாலோ, கோடு விழுந்தாலோ வயரைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

யந்திரத்தைத் திறப்பவர்கள் மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். கை பழகியவர்கள் திறக்கட்டும். பழகாதவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.

சமீபத்தில் நமது சங்க அலுவலகத்துக்கு ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். சர்வீஸ் சென்டரில் போர்டு போய்விட்டது என்று சொல்லி, 11,000 ரூபாய் மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் அப்பா மாதமெல்லாம் ராத்திரி ஷிப்டு பார்த்துக் கொண்டுவருகிற சம்பளத்தில் பெரும் பகுதி அது! மேலே சொன்ன முறைப்படி நாலு நாள் நோட்டு எழுதினோம். பஸ் பயணம் முடிந்து திறந்த போதெல்லாம் கோளாறு. டி.வி.யில் படம் சுத்தம். லினக்சிலும் அதே கோளாறு. எலக்ட்ரீஷியன் தோழர் ஒருவர் திறந்து பார்த்தார். திரைப் பக்கத்துச் சொருகு நெகிழ்ந்திருந்தது. துடைத்து, அழுத்திப் பொருத்தி, ஒரு துண்டு டேப் ஒட்டினார். கோளாறு நின்றது. 11,000 ரூபாய் எங்கே, ஒரு துண்டு டேப் எங்கே!

உண்மையிலேயே போர்டு போகிற சமயமும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. சோதித்துப் பார்க்காமலே போர்டு போய்விட்டது என்று தீர்ப்பெழுதுகிற வழக்கத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

ஏன் இந்தத் தீர்ப்பு?

சர்வீஸ் சென்டரில் ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற பையன் மீது தோழர்கள் ஆத்திரப்படக் கூடாது. அவனும் நம்மைப் போலக் கூலிக்கு உழைப்பவன். யந்திரத்தின் வயர் வரைபடத்தைக் கம்பெனி அவன் கையில் கொடுப்பதில்லை. பத்தடி தூரம் ஓடும் வயரானாலும் பத்து அங்குல வயரானாலும் பல சமயம் தனியாக அனுப்பாமல், முழுத் திரையாகவோ முழுப் போர்டாகவோதான் அனுப்புகிறார்கள். ஒரு நாளில் இத்தனை யந்திரம் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கெடுபிடி வேறு. நாலு நாள் நோட்டு எழுத அவனுக்கு நேரம் கொடுப்பது யார்? “போர்டு போய்விட்டது” என்று சொல்கிற வாய் அவனுடையது; சொல்லவைப்பது லாபக் கணக்கு.

இது இன்று நேற்று முளைத்த கணக்கு அல்ல. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடிப் பேசின. ஜெர்மனியின் ஆஸ்ரம், ஹாலந்தின் பிலிப்ஸ் ஆகியவை அதில் முன்னணியில் நின்றன. ‘ஃபீபஸ்’ என்று அந்தக் கூட்டுக்குப் பெயர். அதற்கு முன் 1,500 மணி, 2,000 மணி எரிந்த பல்பு இனி 1,000 மணிக்கு மேல் எரியக் கூடாது என்று கட்டுப்பாடு செய்தார்கள். பல்பு அதிக காலம் எரிந்தால், அதைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாக உழைக்கும் பொருளைச் செய்ததற்குத் தண்டனை! முதலாளித்துவத்தின் முகத்தைப் பார்க்க இதைவிட நல்ல வெளிச்சம் வேண்டுமா, தோழர்களே?

நம்முடைய கீல் வயருக்கே வருவோம். அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2016-ல் வெளியிட்ட மேக்புக் புரோ லேப்டாப்பில் இந்த வயர் போதிய நீளமில்லாமல் இருந்தது. மூடியைத் திறந்து மூட, வயர் தேய்ந்தது. திரையின் அடியில் வெளிச்சம் திட்டுத்திட்டாக மங்கியது. வயரைத் திரையோடு சேர்த்தே செய்திருந்ததால், வயர் கெட்டால் திரை முழுவதையும் மாற்றியாக வேண்டும். வாங்கியவர்கள் கூக்குரல் எழுப்பிய பிறகு, 2019 மே மாதத்தில்தான், 13 அங்குல யந்திரங்களுக்கு இலவசமாகச் சரிசெய்து தருவதாகக் கம்பெனி அறிவித்தது. 2018-ல் வந்த மாடலில் இதே வயர் சுமார் 2 மில்லிமீட்டர் நீளமாக இருந்தது என்று யந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். 2 மில்லிமீட்டர்! ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை.

டிரைவரிலும் இதே சூழ்ச்சி. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போ என்கிறது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கம்பெனி அங்கீகரித்த பிராசசரும் வேண்டும். 2017-க்கு முந்திய யந்திரங்களில் அநேகமாக எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற யந்திரத்தை ஓர் உத்தரவில் கிழவனாக்குகிறார்கள். கிழவனாக்கிய யந்திரத்துக்குப் புது டிரைவர் எழுதித் தர எந்தக் கம்பெனி முன்வரும்?

வயலிலும் இதே பிடி

இது படித்தவர்கள் வீட்டுச் சங்கதி என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனி தன் டிராக்டர்களின் கோளாறைக் கண்டுபிடிக்கிற முழுமையான கருவிப் புரோகிராமைத் தன் ஏஜெண்டுகளுக்கு மட்டுமே கொடுத்துவந்தது. டிராக்டருக்குச் சொந்தக்காரன் பல கோளாறுகளைத் தானே ரிப்பேர் செய்ய வழியில்லாமல் இருந்தது. அறுவடைக் காலத்தில் அப்படி வண்டி நின்றால் ஏஜெண்டு வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இதன்மேல் 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தகக் கமிஷனே, இல்லினாய், மின்னசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து வழக்குத் தொடர்ந்தது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே நிலைமை முற்றிவிட்டது!

நமது நாட்டிலும் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு, உதிரிப் பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பதற்காக, போட்டிக் கமிஷன் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. திருட்டு நடக்கிறது என்பதற்குச் சர்க்கார் கமிஷனே சாட்சி.

‘ஓசி’ என்று சொல்லாதே!

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் விலையில்லா லேப்டாப் வழங்கினார்கள். “ஓசியில் வந்த பொருளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேலி பேசுகிற கனவான்கள் உண்டு. யார் வீட்டு ஓசி? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் தொழிலாளி வரி கட்டுகிறான். அந்தப் பணத்தில் வாங்கிய யந்திரம் அது. கம்பெனிகள் ஓசியில் கொடுக்கவில்லை. கஜானாவிலிருந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டு கொடுத்தன. மொத்தமாக வாங்குகிறபோதே வயருக்கும் டிரைவருக்கும் வரைபடத்துக்கும் உத்தரவாதம் கேட்டிருக்க வேண்டும்.

இது பழைய கதை மட்டுமல்ல. 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப் வழங்குவதாகவும், முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்குவதாகவும் மாநில அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் மூன்று வருஷம் கழித்து இதே பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு அலைவதையும், “போர்டு போய்விட்டது” என்ற அதே பதிலைக் கேட்பதையும் நாம் வேடிக்கை பார்க்கப் போவதில்லை.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2022 ஜூலையில் ‘ரிப்பேர் உரிமை’க்கு ஒரு கமிட்டி போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களைத் தொகுத்துக் காட்ட ஓர் இணையதளம் திறந்தது. படித்துப் பாருங்கள் என்றது. நியூயார்க் மாநிலம் 2022-லும், கலிபோர்னியா 2023-லும், ஓரிகன் 2024-லும் எலெக்ட்ரானிக் சாமான்களின் ரிப்பேர் உரிமைக்குச் சட்டமே இயற்றின. ஆப்பிளும் மைக்ரோசாப்டும் பிறந்த மண்ணிலேயே சட்டத்தால் கம்பெனியின் கையைக் கட்ட முடியும்போது, இங்கே வெறும் இணையதளத்தோடு நிற்பது கண்துடைப்பு அல்லாமல் வேறென்ன?

தூக்கியெறிந்தால் எங்கே போகிறது? 2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்சாதனக் குப்பை சேர்ந்ததாக ஐ.நா. நிறுவனங்களின் அறிக்கை கணக்கிட்டது. அதில் முறைப்படி சேகரித்துப் பிரித்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே. மிச்சத்தில் ஒரு பகுதியை வெறுங்கையால் உடைத்து, வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்து, நச்சுப் புகையைச் சுவாசிப்பவன் யார்? அவனும் நம் வர்க்கத்துக்காரன். தவறான தீர்ப்பின் கடைசித் தண்டனை அவன் நுரையீரலுக்கு!

நமது கோரிக்கைகள்

1. லேப்டாப், போன், பம்ப்செட், டிராக்டர் எதுவானாலும், ரிப்பேர் கையேட்டையும் வயர் வரைபடத்தையும் கம்பெனிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இதற்குச் சட்டம் வேண்டும்.

2. கீல் வயர், சொருகு, பேட்டரி, திரை ஆகியவற்றைத் தனித்தனியாக, விலை அறிவித்து, குறைந்தது 7 ஆண்டுகள் விற்க வேண்டும். டிரைவர்களையும் அதுவரை கொடுத்துவர வேண்டும்.

3. மக்கள் பணத்தில் வாங்குகிற ஒவ்வொரு யந்திரத்துக்கும் இவற்றை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். மறுக்கிற கம்பெனிக்கு ஆர்டர் கிடையாது.

4. ஐ.டி.ஐ.க்களில் இந்த ரிப்பேர் வேலையைக் கற்பித்து, தாலுகாதோறும் அரசு ரிப்பேர் நிலையம் திறக்க வேண்டும். அதில் வேலை செய்கிறவர்களுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும்.

5. கேரளத்தில் ‘கைட்’ நிறுவனம் பள்ளிக் கணினிகளுக்கு லினக்ஸ் அடிப்படையில் தமக்கென்று ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரித்துக் கொடுத்தது போல, இங்கும் செய்ய வேண்டும். ஒரு கம்பெனியின் உத்தரவில் யந்திரங்கள் கிழடாகிற அடிமைத்தனம் ஒழிய வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி நிற்கவும் தேவையில்லை. ஒவ்வொரு படிப்பகத்திலும் சங்க அலுவலகத்திலும் வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரு நோட்டு, ஒரு லினக்ஸ் பென்டிரைவ், வெளியே இணைக்க ஒரு பழைய டி.வி., எலக்ட்ரீஷியன் தோழர் ஒருவர் — இவ்வளவு போதும். வருகிற பிள்ளைகளிடம், சோதித்துக் காட்டாமல் போர்டு போய்விட்டது என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுக்கள் நமது கோரிக்கை மனுவோடு சேர்ந்து கோட்டைக்குப் போகட்டும்.

ஸ்பிண்டிலை ஓட்டுகிறவனும் ஏரை ஓட்டுகிறவனும் யந்திரத்தைக் கண்டு மிரண்டவர்கள் அல்ல. மனிதன் செய்த யந்திரத்தை மனிதன் திறந்து பார்ப்பான், சரிசெய்வான். அந்த உரிமையைப் பூட்டி வைத்திருக்கிற கைகளிலிருந்து சாவியைப் பறிப்போம்!